கணவரிடம் சொன்ன உண்மை

இல்லத்து நூலகம்



மணமக்கள் மாலை மாற்றியதும் முடிந்துவிடும் கதைகள் பல. மாலை மாற்றிய பிறகே தொடங்கும் கதைகள் சிலவே. அச்சிலவற்றுள் தலையாய ஒன்றை இத்திங்கள் உங்கள் முன் வைக்கிறோம். ‘கிளேவ் இளவரசி’ என்பது அந்நூலின் பெயர். 1678-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரீஸ் நகரில் குளோத் பார்பேன் என்னும் பதிப்பாளர் அதனை வெளியிட்டார். முகப்பில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. எழுதியவர் லஃபாயெத் சீமாட்டி என்பதே அறிஞர்களின் முடிபு. ஆனால் அவரோ அதே ஆண்டு ஏப்பிரல் திங்களில் நண்பர் ஒருவருக்கு வரைந்த மடலில், அது தம் நூலன்று என்றே மறுத்துவிட்டார். உயர்குடிப் பெண்மணி ஒருவர் கதை எழுதுவது அந்நாளில் மதிப்புக்குரிய செயலாகக் கருதப்படவில்லை.

கதை நிகழும் காலம் அவர் வாழ்ந்த காலத்திற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது. பிரான்சு நாட்டை இரண்டாம் ஹென்றி ஆண்டுவந்தான். அவன் ஆட்சியின் இறுதி நாள்களான 1558, 1559 ஆகிய ஆண்டுகளே கதையின் களம். அவ்வரண்மனையில் திருமணம் என்பது என்னவாக இருந்தது என்பதை முதற்கண் அறிந்துகொள்வது நலம்.

1558 ஏப்பிரலில் பட்டத்து இளவரசன் பிரான்சிசுக்கும் ஸ்காட்லாந்து நாட்டு அரசி மேரி ஸ்டூவர்ட்டுக்கும் மணம் முடிந்தது. மணமகனுக்கு வயது 14, மணமகளுக்கு 15. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் பிரான்சும் ஸ்பெயினும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டபோது, மன்னனின் மகள் எலிசபெத்து ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்புக்கு உரியவளானாள். அச்சிறுமிக்கு 14 வயது. மாப்பிள்ளையோ இரு மனைவியரை இழந்த 32 வயதினன். திருமணத்திற்கு அவன் வரவுமில்லை. அவனுக்குப் பதிலாள் ஒருவர் மணமகளின் அருகே நின்றார். அதே உடன்படிக்கையால் மன்னனின் 36 வயதுத் தங்கை மார்கரீத்து சவோய்க் கோமகனுக்கு வாழ்க்கைப்பட்டாள். எல்லைக் கோட்டைகளைக் கைமாற்றிய அதே ஏட்டில் பெண்களும் கைமாறினர்.

மன்னன் ஹென்றி சட்டம் ஒன்றையும் இயற்றியிருந்தான். படைத் தலைவரான மோன்மோரான்சியின் மகன், ழான் தெ பியென் என்னும் பெண்ணுக்கு மறைவில் வாக்குக் கொடுத்திருந்தான். தந்தையோ அவனை மன்னனின் மகளுள் ஒருத்திக்கு மணமுடித்து வைக்கத் திட்டமிட்டிருந்தார். அத்திட்டம் கெட்டுவிடாதிருக்க 1557-இல் அரசாணை பிறந்தது. பெற்றோர் இசைவின்றி மணம்புரியும் ஆண்மகனை 30 வயது வரையிலும் பெண்மகளை 25 வயது வரையிலும் சொத்துரிமையினின்று நீக்கிவிடலாம் என்றது அது. மைந்தனின் வாக்கு முறிக்கப்பட்டது. தந்தை விரும்பிய மணம் நடந்தேறியது.

இத்தகைய அரண்மனைக்குள்தான் நம் கதைத் தலைவி அடியெடுத்து வைக்கிறாள். நூலில் வரும் மன்னனும் அரசியும் நெமூர்க் கோமகனும் வரலாற்று மாந்தர். தலைவி மட்டும் ஆசிரியரின் கற்பனையில் உதித்தவள்.

தந்தையை இழந்த அவளுக்குப் பதினாறாம் வயது நடக்கிறது. அவளைத் தாய் ஷார்த்ர் சீமாட்டி அரண்மனைக்குத் தொலைவிலே வைத்து வளர்த்தாள். மற்றத் தாய்மார் காதல் என்னும் சொல்லையே பெண்மக்கள் காதில் விழாமல் காத்தனர். இத்தாயோ அதன் இனிமையையும் எடுத்துச்சொன்னாள். அதனால் குடும்பங்கள் அடையும் கேட்டையும் ஒளியாமல் உரைத்தாள். மனைவியும் கணவனும் ஒருவரை ஒருவர் நேசிப்பதே ஒரு பெண்ணின் பேறு என்றும் கற்பித்தாள். நற்றாய் அன்றோ! ஆனால் மாப்பிள்ளை தேடும் வேளையில் அவள் கண்கள் குலத்தையும் பதவியையுமே நாடின. அரண்மனைப் பகைகளால் இரண்டு பெரிய இடங்கள் கைநழுவின. அதனால் அவளது தன்மானம் புண்பட்டது. அந்நிலையில் பெண் கேட்டு வந்தவரே கிளேவ் இளவரசர்.

அவர் அவளை முதன்முதலில் கண்டது இத்தாலிய நகை வணிகர் ஒருவரின் மனையில். கண்ட கணமே அவர் உள்ளம் அவள்பால் சென்றது. நேர்மையும் நிதானமும் மிக்கவர் அவர். தாய் மகளைக் கேட்டாள். மகளும் மறைக்கவில்லை: மற்றெவரையும்விட அவரை மணப்பதில் தனக்கு வெறுப்புக் குறைவு, ஆனால் அவர்மீது தனிப்பட்ட நாட்டம் ஏதும் இல்லை. இந்த விடையைக் கேட்ட தாய் அஞ்சியிருக்க வேண்டும். அவள் அஞ்சவில்லை. மண ஏற்பாடு நிறைவேறியது.

மணநாளுக்கு முன்னரே இளவரசர் தம் குறையை அவளிடம் வெளியிட்டார். தாம் வந்தால் அவள் மகிழ்வதுமில்லை. வராவிடில் வாடுவதுமில்லை என்றார். அவள் முகம் சிவந்தது. அதைக் கண்டு ஆறுதல் கொள்ளலாகாதா என்றாள். அது நாணத்தின் சிவப்பேயன்றி நெஞ்சத்தின் சிவப்பன்று என அவர் உணர்ந்தார். அவள் பொய்யுரைக்கவில்லை. அவர் கேட்டது எது என்பதே அப்பேதைக்கு விளங்கவில்லை. மணம் முடிந்த பின்னும் அவர் அவளுக்குக் கணவராக இருந்தாரேயன்றி, அவள் நெஞ்சில் இடம்பெற்றவராக ஆகவில்லை. மதிப்பு இருந்தது, பணிவு இருந்தது, நன்றியும் இருந்தது. அவை மட்டும் போதுமா என்பதே நூல் எழுப்பும் வினா.

லூவர் அரண்மனையில் நடனவிழா. நெமூர்க் கோமகன் காலந்தாழ்த்தி உள்ளே நுழைகிறார். அவரோடு ஆடும்படி மன்னன் நம் தலைவிக்குக் கட்டளையிடுகிறான். அதற்குமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அன்றிரவே தாய் மகளின் முகத்தைப் படித்துவிட்டாள். சில திங்களுக்குள் அத்தாய் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, மகளைத் தனியே அழைத்து, செங்குத்தான பாறையின் விளிம்பில் அவள் நிற்பதைக் கண்டுகொண்டதாகக் கூறினாள். கணவருக்கும் தனக்கும் அவள் பட்டிருக்கும் கடமையை நினைவூட்டினாள். அரண்மனையை விட்டு விலகிவிடுமாறு வேண்டினாள். பின்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாளில் இறந்தாள்.

இதன் பிறகு வருவதே இந்நூலைப் புகழ்பெறச் செய்த காட்சி. கூலோமியே என்னும் ஊரில் உள்ள தம் மாளிகைத் தோட்டத்தில் கணவனும் மனைவியும் அமர்ந்திருக்கின்றனர். பாரீசுக்குத் திரும்ப ஏன் மறுக்கிறாய் என்று கணவர் வற்புறுத்துகிறார். அவள் அவர் காலடியில் விழுந்து, எந்த மனைவியும் கணவனிடம் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். தன் மனம் வேறொருவர்பால் சாய்கிறது, தவறேதும் செய்யவில்லை, தவறாமல் இருக்க அவர் துணை வேண்டும், அரண்மனையினின்று தன்னை விலக்கிக் காப்பாற்ற வேண்டும் என்கிறாள். பெயரை மட்டும் கூற மறுக்கிறாள்.

இதனைப் பாவசங்கீர்த்தனத்தோடு ஒப்பிடுவோர் உண்டு. ஒப்புமை பாதியளவே பொருந்தும். அவள் வெளியிட்டது செய்த பாவத்தை அன்று; எதிரே நின்ற சோதனையை. விழுந்தபின் மன்னிப்புக் கேட்பது ஒருவகைத் துணிவு. விழுமுன் கைகொடு என்று கேட்பது அதனினும் அரிய துணிவு.

கணவர் எவ்வாறு நடந்துகொண்டார்? அவளைத் தூக்கி நிறுத்தினார். அவளது நம்பிக்கை விலைமதிப்பற்றது என்றார். அதே மூச்சில் தம்மினும் துயருற்றவர் எவருமிலர் என்றும் புலம்பினார். தம்மால் அவள் நெஞ்சில் எழுப்ப இயலாத அன்பை வேறொருவர் எழுப்பிவிட்டார் என்பதே அவரை வாட்டியது.

அவ்வேளையில் அம்மண்டபத்தின் அருகே மறைந்திருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நெமூர்க் கோமகனே! வேட்டையாட வந்தவர் வழி தவறி அங்கே புகுந்திருந்தார். கேட்டதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாரா? இல்லை. நண்பரொருவரிடம், பெயர்களை மறைத்து, யாருக்கோ நேர்ந்த செய்திபோல் கூறினார். நண்பர் வேறொருவரிடம் கூறினார். சில நாளில் அரண்மனை முழுதும் அதே பேச்சு.

இங்கேதான் ஆசிரியரின் நுண்ணறிவைக் காண்கிறோம். அச்செய்தி கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரியும் என்று இருவரும் நம்பியிருந்தனர். எனவே அதை வெளியிட்டது நீயே என்று அவர் எண்ணினார். நீரே என்று அவள் எண்ணினாள். உண்மையைப் பகிர்ந்துகொண்டதால் நெருங்கியிருக்க வேண்டிய இரு உள்ளங்கள், மூன்றாம் மனிதர் ஒருவரின் நாவடக்கமின்மையால் பிளவுண்டன. பெயரை அறியாமல் கணவரால் இருக்கவும் முடியவில்லை. இளவரசி எலிசபெத்தை ஸ்பெயினுக்கு அழைத்துச் செல்லும் பணியில் நெமூரும் தம்மோடு வருவதாகப் பொய் சொல்லி, மனைவியின் முகமாற்றத்தைக் கண்டு பெயரைத் தெரிந்துகொண்டார்.

1559 ஜூன் 30-ஆம் நாள். மகளுக்கும் தங்கைக்கும் எடுத்த மணவிழாக்களின் பகுதியாக நடந்த குதிரைவீரர் போட்டியில் மன்னன் ஹென்றியின் கண்ணருகே முறிந்த ஈட்டித்துண்டு பாய்ந்தது. ஜூலை 10-இல் அவன் இறந்தான். புதிய மன்னனின் முடிசூட்டு விழாவிற்காக அரண்மனையார் ரேம்ஸ் நகர் நோக்கிப் புறப்பட்டனர். நம் தலைவியோ கூலோமியேக்கு ஒதுங்கினாள். நெமூர் அங்கே மறைவாகச் சென்றார். ஐயுற்ற கணவர் நம்பிக்கைக்குரிய ஒருவரை வேவுபார்க்க அனுப்பியிருந்தார். திரும்பிவந்த அம்மனிதர், உறுதியாக முடிவுகட்டத்தக்க செய்தி எதுவும் தம்மிடம் இல்லை என்றே தொடங்கினார். இரண்டு இரவுகள் நெமூர் தோட்டத்தில் நுழைந்ததைத் தாம் கண்டதாக மட்டும் கூறினார். அதற்குமேல் கேட்கக் கணவருக்கு மனம் இல்லை. உண்மையில் முதல் இரவு, யாரோ வந்திருப்பதாக ஐயுற்ற அளவிலே அவள் தோழியர் இருந்த அறைக்குச் சென்றுவிட்டாள். மறு இரவும் தோழியரை விட்டு அகலவில்லை. அச்செய்தியை இளவரசர் கேட்டறிவதற்குள் கடுங்காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. இறுதி வேளையில் மனைவி எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் நம்பினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது.

இனித் தடையேதும் இல்லை. தலைவி நெமூரை மணப்பாள் என்று எதிர்பார்க்கும் வாசகரை ஆசிரியர் வியப்பில் ஆழ்த்துகிறார். நெமூரை நேரில் சந்தித்து, தான் அவரை நேசிப்பதாக அவளே ஒப்புக்கொள்கிறாள். அதே வேளையில் மணக்க மறுக்கிறாள். கணவரின் சாவில் நெமூருக்கும் பங்குண்டு என்பது முதற்காரணம். மற்றொன்று கூர்மையானது. தடைகள் இருந்தவரை நிலைத்த அவரது அன்பு, தடை நீங்கியபின் நிலைக்குமா என்று அவள் வினவுகிறாள். மணத்திற்குப் பின்னும் அன்பு குன்றாத ஆண்மகன் தன் கணவர் ஒருவரே என்பதையும் அவள் அப்போதுதான் சொல்லிப் பார்க்கிறாள். வாழ்ந்த நாளில் காணாத மாணிக்கத்தை இழந்த பின்னர்க் கண்டாள்! பிற்பாடு ஆண்டில் ஒரு பகுதியைக் கன்னியர் மடத்திலும் மறுபகுதியைத் தன் இல்லத்தில் அறச்செயல்களிலும் கழித்து, குறுகிய வாழ்நாளை முடித்தாள்.

நூல் வெளிவந்ததும் பாரீசில் பெரும் வழக்கே எழுந்தது. ‘மெர்க்கூர் கலான்’ என்னும் இதழ் தன் வாசகரிடம் ஒரு வினாவை விடுத்தது: கற்புள்ள மனைவி தன் மனத்தில் எழுந்த இத்தகைய நாட்டத்தைக் கணவனிடம் சொல்லலாமா? மறுமொழி எழுதியோரில் பெரும்பாலோர் ‘சொல்லலாகாது’ என்றே தீர்ப்பளித்தனர். புசி-ரபுத்தேன் என்னும் பிரபு அக்காட்சி இயற்கைக்கு மாறானது என்று கண்டித்தார். இளைஞராயிருந்த ஃபோந்தெனெல் என்னும் அறிஞரோ நூலை நான்கு முறை படித்ததாக அதே இதழில் எழுதிப் பாராட்டினார்.

ஆசிரியரின் வாழ்வையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். 1634-இல் பிறந்த அவர், 1655-இல் தம்மினும் ஏறத்தாழ 18 ஆண்டு மூத்தவரும் மனைவியை இழந்தவருமான லஃபாயெத்துப் பிரபுவை மணந்தார். அவருடைய தங்கையர் இருவரும் கன்னியர் மடம் புகுந்தமையால் குடும்பச் சொத்து மூத்தவரின் சீதனத்திற்கு உதவிற்று. பிரபுவுக்குப் பழம்பெரும் குலம் இருந்தது, நிலம் இருந்தது, தீராத வழக்குகளும் இருந்தன. இருவருக்கும் ஏற்ற ஏற்பாடு அது. இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். பின்பு கணவர் ஓவேர்ஞ்ஞுப் பகுதியில் இருந்த தம் நிலங்களிலும், மனைவி பாரீசிலும் வாழ்ந்தனர். அவருடைய வழக்குகளை இவரே திறம்பட நடத்தினார். சண்டையில்லை, சேர்ந்த வாழ்வும் இல்லை. கணவர் 1683-இலும் சீமாட்டி 1693-இலும் காலமாயினர். வசதிக்காகக் கூட்டப்பட்ட மணத்தின் அமைதியையும் வெறுமையையும் அறிந்தவர் கையிலிருந்து இக்கதை பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கதை நிகழும் ஆண்டுகளை அடுத்து, 1563 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம் திருமணம் பற்றிய ஆணையை வெளியிட்டது. பெற்றோர் இசைவில்லாத மணம் செல்லாது என்று விதிக்குமாறு பிரான்சு நாட்டுத் தரப்பினர் வற்புறுத்தினர். சங்கம் அதற்கு இணங்கவில்லை. பெற்றோரை மீறிச் செய்யும் மணங்களைத் திருச்சபை வெறுக்கிறது எனக் கூறிய அதே சங்கம், மணமக்களின் சம்மதமே மணத்தை ஆக்குகிறது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. பங்குக்குருவின் முன்னிலையும் சாட்சிகளும் தேவை என்றது. தலைவர்களும் அதிகாரிகளும் எவரையும் மணத்திற்குக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் கடிந்துரைத்தது. பெண்ணின் வாயிலிருந்து வரும் ‘ஆம்’ என்ற ஒரு சொல்லுக்கு அன்றைய அரசுகள் தராத மதிப்பு அங்கே கிடைத்தது.

ஆனால் நம் கதைத் தலைவியும் ‘ஆம்’ என்றாளே! எவரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லையே! சட்டப்படியும் திருச்சபை முறைப்படியும் அது குறைவற்ற மணம். அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? வெறுப்பில்லை என்று அவள் சொன்னதை விருப்பமென்று தாய் எடுத்துக்கொண்டதில் நேர்ந்தது. காதலின் கேடுகளையெல்லாம் கற்பித்த அத்தாய், கணவரை எவ்வாறு நேசிப்பது என்று கற்பிக்க மறந்தாள். கற்பிக்க அவளுக்குக் காலமும் வாய்க்கவில்லை. பெற்றோர்களே, மகளின் ‘ஆம்’ என்னும் விடையைக் கேட்டதும் எழுந்துவிடாதீர்கள். அவ்விடையில் என்ன இருக்கிறது என்று கேட்டறிய இன்னும் சற்று நேரம் அருகே அமர்ந்திருங்கள்.

மனைவி சொன்னது சரியா என்ற பழைய வினாவுக்கு எம் கருத்தையும் கூறிவிடுகிறோம். அவள் சொன்னது சரியே. உண்மைதான் அக்குடும்பத்தைக் கொன்றது என்பார் கதையை மீண்டும் படிக்கட்டும். மறைந்திருந்து கேட்ட காது ஒன்று. அடங்காத நா ஒன்று. வேவுபார்க்கச் சென்ற கண்கள் இரண்டு. பாதியில் நிறுத்தப்பட்ட செய்தி ஒன்று. கொன்றவை இவையே. தோட்டத்து மண்டபத்தில் இருவரும் பேசியதுபோல் மேலும் ஒருமுறை நேர்நின்று பேசியிருந்தால் போதுமாயிருந்தது. உண்மையைச் சொல்லத் துணிவு வேண்டும். கேட்டபின் அதைத் தாங்கும் வலிமை அதனினும் வேண்டும். முன்னது மனைவிக்கு இருந்தது. பின்னது கணவருக்கு அன்று ஒருநாள் மட்டுமே இருந்தது.

பழைய நூல்தானே என்று இதனை ஒதுக்கிவிடவும் இயலாது. 2006-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு உள்துறை அமைச்சராயிருந்த நிக்கோலா சார்க்கோசி, அரசுப் பணித்தேர்வில் இந்நூலைப் பற்றி வினாக் கேட்பதை எள்ளிப் பேசினார். அவர் குடியரசுத் தலைவராயிருந்த 2009-இல் ஆசிரியரும் மாணவரும் தெருவில் நின்று இந்நூலை மாறிமாறி உரக்கப் படித்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். முந்நூறு ஆண்டு கடந்த ஒரு குடும்பக் கதைக்காகத் தெருவில் நிற்க மக்கள் இருந்தார்கள் என்றால், அது எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை என்பதே பொருள்.

தம்பதியரே, இக்கதையை ஒருவர் மட்டும் படித்து மூடிவைக்காமல் இருவரும் சேர்ந்து பேசிப் பாருங்கள். கூலோமியேத் தோட்டத்தில் நீங்கள் அமர்ந்திருந்தால் எவ்வாறு சொல்லியிருப்பீர்கள், எவ்வாறு கேட்டிருப்பீர்கள் என்று ஒருவரையொருவர் வினவுங்கள். அப்பேச்சு ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மாலைப்பொழுதே கிளேவ் இளவரசருக்கும் அவர் மனைவிக்கும் கிட்டாமற்போனது.